கார் நுழைந்த சந்து

அத்தியாயம் 9

சந்தில் இருந்த கைப்பிடிக் கம்பிகள் இரண்டும் அறுபட்டுப்போன நாளிலிருந்து மருமகள் டர்போவோடு பேசுவதில்லை.

டர்போ அவள் கணவனின் தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு சரி. ஸ்கூட்டரில் போனாலும் வாயாலேயே கியர் மாற்றுகிற சத்தத்தை எழுப்பிக்கொண்டு போகிறவனுக்குத் தெரு சேர்ந்து வைத்த பெயர் அது. அவனும் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டான்.

கம்பியை அறுத்தவன் அவன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேறு யாருக்கு அந்த வீட்டில் அவ்வளவு துணிச்சல்? அதைவிட, அவ்வளவு அற்பத்தனம்?

அந்தக் கம்பிகளை முன்னின்று பதிக்கவைத்தவள் அவள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரார் கைகால்களை எல்லாம் அசைய வைக்கிறவளுக்கு வீட்டிலேயே ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். மாமனாருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. இடது கையால் பிடித்துக்கொண்டு நடக்க ஏதாவது வேண்டும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே, முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை போகும் சந்துதான் வாகாக இருந்தது. வெயில் படாத, மேடு பள்ளம் இல்லாத இடம். போகும்போது ஒரு சுவரின் கம்பி, திரும்பும்போது எதிர்ச்சுவரின் கம்பி. படுக்கையிலிருந்து எழுந்து உட்காரவே முடியாதவரை அந்தச் சந்தில் போகவும் வரவும் வைத்துவிட்டாள்.

அந்தச் சந்தில்தான் இப்போது டர்போவின் கார் ஷெட் நின்றது.

ஷெட் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கராஜ்" என்று திருத்துவான்.

இன்றைக்கு அந்தக் கராஜுக்குத் திறப்பு விழா.

காலையிலிருந்தே சமையலறை ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். சந்தைப் பார்த்த ஜன்னல் அது. முன்பு அதைத் திறந்தால் வெளிச்சம் வரும். இப்போது மேலே தகரக் கூரை, கடைசியில் பின்கட்டை மறைத்து ஒரு சுவர், அந்தச் சுவர் முழுக்க ஸ்பானர் மாட்டும் ஆணிகள். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளவென்று டைல்ஸ். அவன் வேலை பார்ப்பது டைல்ஸ் ஷோரூமில். நாள் முழுக்க அடுத்தவர் குளியலறைக்கு நிறம் பொறுக்கிக் கொடுக்கும் உத்தியோகம். அந்த ரசனையைக் கொண்டுவந்து காருக்கும் குளியலறை கட்டிவிட்டான்.

மண்டியிட்டு, எதையோ பூசிப் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தான். சொந்தத் தகப்பனின் முதுகை இப்படி ஒருநாள் தேய்த்துவிட்டிருப்பானா?

"இன்னிக்காவது அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசும்மா," என்றாள் மாமியார், டம்ளர்களைத் துடைத்தபடி. "நாலு பேர் வர்ற நாள். நீ முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னா என்ன நினைப்பாங்க?"

"நான் எதுக்கு அத்தை? ரிப்பன் வெட்ட நீங்க இருக்கீங்க."

"கத்தரிக்கோலைக் காணோமே, எங்க வெச்சே?"

"கத்தரிக்கோல் எதுக்கு? கம்பி அறுத்த மெஷின் இருக்குமே. அதாலயே வெட்டச் சொல்லுங்க."

மாமியார் டம்ளரைச் சற்றுப் பலமாகவே வைத்தாள். "சின்னவனுக்கு உலகத்துல வேற ஆசையே இல்ல. குடி உண்டா, கூத்து உண்டா? ஒரு கார். அதை மழையில நனையாம நிறுத்த ஒரு இடம். இது தப்பா?"

"தப்பே இல்ல அத்தை. மாமா நனைஞ்சா பரவாயில்ல."

மாமியார் அடுத்த டம்ளரை எடுத்துத் துடைத்தாள். சின்ன மகன் விஷயத்தில் அவளுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. அந்தக் காரை அவன் முதன்முதலில் வீட்டுக்கு இழுத்து வந்தபோது அதன் டிக்கிக்குள் ஒரு செடி முளைத்திருந்தது. ஊரே சிரித்தது. மாமியார் மட்டும், "பாரேன், செடி வளர்ற அளவுக்கு ராசியான வண்டி," என்றாள்.

அதன் பிறகு விடுமுறை என்று ஒன்று அவனுக்கு இருந்ததில்லை. துரு சுரண்டினான், பூசினான், மறுபடி சுரண்டினான். பழைய காலத்து ரெண்டு கதவு வண்டி. ஒவ்வொரு கதவும் பீரோக் கதவு நீளம். மூன்று முறை சிவப்பு அடித்து, மூன்றும் மூன்று சிவப்பாகி, கடைசியில் ஒரு மாதிரி செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அதற்கு அவன் வெளிநாட்டுப் பெயர் ஒன்று சொல்வான்.

சமையலறை வாசலில் அவள் கணவன் வந்து நின்றான். நகர நூலகத்தில் நூலகர். பல வருஷமாக "உஷ்" சொல்லிச் சொல்லி அவன் குரலே உஷ் ஆகிவிட்டது. வீட்டில் யாராவது சண்டை போட்டால் அவன் செய்கிற ஒரே காரியம் ஜன்னலைச் சாத்துவதுதான்.

"கொஞ்சம் மெதுவா பேசேன்," என்றான். "தம்பி காதுல விழப்போகுது."

"விழட்டும்னுதான் பேசறேன். நீங்களும் ஒருநாள் அவன்கிட்ட சத்தமா பேசியிருந்தா இந்தக் கம்பி நின்னிருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், என்று நினைத்தாள். நல்ல மனுஷன். தம்பியிடம் பேசத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான். அந்தத் தம்பியையும் இவனையும் ஒரே வயிறு எப்படித்தான் சுமந்ததோ!

அவள் மாமனாரின் அறைக்குப் போனாள்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கம்பி போனதிலிருந்து இப்படித்தான். அவள் தோளைப் பிடித்து ஹாலில் நடக்க வைத்துப் பார்த்தாள். சோபா, மேஜை, சாய்வு நாற்காலி என்று இடையில் ஆயிரம் தடங்கல். ஊன்றுகோலைக் கண்டாலே பயம். கொஞ்சம் கொஞ்சமாக எழும்பத் தொடங்கியிருந்த வலது பாதம் மறுபடி தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் அது அப்படியே நின்றுவிடும். இது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை.

"எழுந்திரிங்க மாமா. உங்க சின்ன மகன் அரண்மனை கட்டியிருக்கான். பார்க்க வேண்டாமா?"

இடது கண் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தது. வாய் கோணி ஏதோ சத்தம் வந்தது. வியாதி வந்ததிலிருந்து அவரிடம் இருந்தது அந்த ஒரு சத்தம்தான். சோறு என்றாலும் அதுதான், சலிப்பு என்றாலும் அதுதான்.

சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முன்வாசலுக்குத் தள்ளி வந்தாள்.

வெளியே கார் கிளப் வந்திறங்கியிருந்தது. கிளப் என்றால் ஒரு தலைவரும் அவருக்குப் பின்னால் தலையாட்ட இரண்டு பேரும். தலைவருக்கு வயது அறுபதுக்கு மேல். தலையில் தொப்பி, கையில் விரல் நுனி இல்லாத தோல் உறை. கார் ஓட்டாத நேரத்திலும் அதைக் கழற்றமாட்டார் போலிருக்கிறது. அதோடுதான் பிஸ்கட் சாப்பிட்டார்.

"ஒரு காரைக் காதலிக்கிறவன்தான் முழு மனுஷன்," என்றார் மருமகளைப் பார்த்து.

"அப்படியா?" என்றாள் அவள். "எங்க ஆஸ்பத்திரியில அந்த மாதிரி முழு மனுஷங்க நிறைய பேர் படுத்திருக்காங்க. எல்லாம் காரால வந்தவங்கதான்."

தலைவர் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் நகர்ந்தார்.

ஷட்டருக்குக் குறுக்கே நீல ரிப்பன். டர்போ புதுச் சட்டை போட்டிருந்தான். தலைமேல் தூக்கிவிட்ட கூலிங்கிளாஸ், வாயெல்லாம் பல். பேச வேறு ஆரம்பித்தான்.

"நிறைய பேர் சிரிச்சாங்க. 'ஓட்டை வண்டிக்கு ஒரு ஷெட்டா'ன்னாங்க. கனவு காணறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்..."

அவன் பேசப் பேச மருமகள் இரு சுவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பி பதித்திருந்த இடங்களில் சிமென்ட் பூசி, மேலே பெயின்ட்டும் அடித்திருந்தான். அந்த வட்டங்கள் மட்டும் ஈரம் காயாமல் கருத்துத் தெரிந்தன.

மாமியார் ரிப்பனை வெட்டினாள். கைதட்டல். டர்போ காரில் ஏறி, தேவையே இல்லாமல் ஹாரனை அழுத்தி, கம்பீரமாக உள்ளே ஓட்டினான். உள்ளே ஏதோ குழாய்க்குள் நாக்கை நுழைத்த மாதிரி கார் இறுக்கமாகப் போய் நின்றது. இஞ்சின் அணைந்தது. மறுபடி கைதட்டல். தலைவர் ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக நின்றார், அவன் இறங்கி வருவதை எடுக்க.

அவன் வரவில்லை.

எல்லோரும் சிரித்தபடி காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது.

உள்ளேயிருந்து "டக்" என்று ஒரு சத்தம். கதவு சுவரில் மோதும் சத்தம். அப்புறம் அந்தப் பக்கக் கதவு. "டக்." அப்புறம் மறுபடி இந்தப் பக்கம்.

மருமகளுக்குத்தான் முதலில் விளங்கியது. விளங்கியதும் அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் புறப்பட்டு வந்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

காரின் அகலத்தை அளந்தவன், கதவைத் திறந்து வைத்து அளக்கவில்லை.

"என்னப்பா, என்ன?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல சார்," என்று அடைத்துக்கொண்டு வந்தது குரல். "சும்மா... உட்கார்ந்து பார்க்கிறேன். எப்படி இருக்குன்னு."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

கண்ணாடியை இறக்கி ஏறிக் குதிக்கலாம்தான். ஆனால் கண்ணாடியைச் சுற்றி இறக்கும் கைப்பிடிகளை எல்லாம் அவன் பாலிஷ் போடக் கழற்றிக் கொடுத்திருந்தான். விழாவுக்குள் வந்து சேரவில்லை. விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்.

"அப்ப ரிவர்ஸ்ல வெளிய வா," என்றார் தலைவர், இப்போது நிலைமை புரிந்தவராக.

இஞ்சின் உறுமியது. பின்சக்கரங்கள் சுழன்றன. கார் அசையவில்லை. காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போலாக்கிய டைல்ஸ் அல்லவா, சக்கரங்கள் அதில் வழுக்கி வழுக்கிச் சும்மா சுற்றின. போதாததற்குத் தரையின் வாட்டம் வேறு. தண்ணீர் வெளியே ஓடும்படி இருக்க வேண்டிய தரை உள்ளே சரிந்திருந்தது. பின்னால் போக நினைத்த கார் நாலு விரற்கடை முன்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. ஆணியில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் பானெட்டின் மேல் மணி அடித்தபடி விழுந்தன.

"ஐயோ பெயின்ட்டு!" என்று உள்ளிருந்து ஓர் அலறல்.

கயிறு வந்தது. பின்பக்க பம்பரில் கட்டி, தலைவரும் தலையாட்டிகளும் சேர்ந்து இழுத்தார்கள். மருமகளின் கணவனும் கயிற்றின் நுனியை மரியாதைக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒண்ணு, ரெண்டு" என்று தலைவர் சொன்னார். மூன்றுக்குள் பம்பர் கழன்று வந்துவிட்டது. நால்வரும் ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். பளபளக்கும் பம்பர், தோல் உறை போட்ட தலைவரின் மடியில் குழந்தை மாதிரி கிடந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கரகரப்பாக, கனமாக, சந்தேகத்துக்கே இடமில்லாத தெளிவோடு.

"முட்டாள்."

எல்லோரும் திரும்பினார்கள். சக்கர நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்துச் சற்று முன்னால் சாய்ந்திருந்தார். சொன்ன அவரே திடுக்கிட்ட மாதிரி இருந்தது முகம்.

மருமகள் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூளையில் பேச்சு அடைத்துப்போனவர்களுக்குச் சில சமயம் வசவு மட்டும் வழி கண்டுபிடித்து வெளியே வரும். படித்திருக்கிறாள். ஒன்றிரண்டு நோயாளிகளிடம் பார்த்தும் இருக்கிறாள். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

"முட்... டாள்."

"பேசிட்டாரு!" மாமியார் கையைத் தட்டினாள், அழுதாள், சந்துக்குள் ஓடி டிக்கியைத் தட்டினாள். "டேய் சின்னவனே! அப்பா பேசிட்டாருடா! உன்னை முட்டாள்னு சொல்லிட்டாருடா!"

உள்ளிருந்து பதில் வரவில்லை. இஞ்சின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கடியில் புகை திரளத் தொடங்கியிருந்தது.

மருமகளுக்குச் சட்டென்று உறைத்தது. எழுந்து வீட்டுக்குள் ஓடி, சமையலறை ஜன்னலைத் திறந்தாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் தொடும் தூரத்தில், காரின் கண்ணாடிக்குள் டர்போவின் முகம்.

"இஞ்சினை ஆஃப் பண்ணு!"

அணைத்தான். இருமினான். விரல் அகல இடைவெளியில் வாயை வைத்து மூச்சு வாங்கினான். கூலிங்கிளாஸ் எங்கோ போயிருந்தது. வேர்த்து விறுவிறுத்து, முகத்தில் ஈயாடவில்லை.

"பின்சக்கரத்துக்கு அடியில சாக்கு, மிதியடி எல்லாம் திணிச்சா வண்டி பிடிச்சுக்கும்," என்றாள். "எடுத்துட்டு வரச் சொல்றேன். அதுவரைக்கும் உட்கார்ந்து பாரு. நல்லா இருக்குன்னியே."

நாட்கணக்கில் பேசாமல் இருந்தவள் இப்போதுதான் பேசுகிறாள் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அப்பா நிஜமாவே பேசினாரா அண்ணி?"

"பேசினார். உன்னைப் பத்தி அவர் சொல்ல நினைச்சிருந்தது அது ஒண்ணுதான் போல. அதுக்குத்தான் இத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்கார்."

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் விடவில்லை. ஆள் எங்கும் ஓடமுடியாது. இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது கிடைக்கும்?

"வெட்கமா இல்ல? நடக்கிற மனுஷனோட கம்பியை அறுத்துட்டு, அந்த இடத்துல இந்தத் தகர டப்பாவை நிறுத்தியிருக்கியே. பெத்தவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார், நீ டைல்ஸுக்கு மெழுகு போடறே. நீயெல்லாம்—"

"அண்ணி." தலையைத் தூக்காமலே சொன்னான். "கம்பியை நான் அறுக்கல."

"ஆமா. அதுவா ஒடிஞ்சு விழுந்துது."

"அண்ணன் அறுத்தாரு."

அவள் சிரித்தாள். "எந்த அண்ணன்? ஆணி அடிக்கச் சொன்னா சுவருக்கு வலிக்குமேன்னு யோசிக்கிற உங்க அண்ணனா?"

"நீங்க டூட்டிக்குப் போனதும் கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்துட்டு வந்தாரு. நான் முன்வாசல்ல நாலு தூண் நட்டு மேல ஒரு கூரை போட்டுக்கலாம்னுதான் இருந்தேன். சந்துல கட்டிக்கோன்னு சொன்னதே அவருதான். நான்கூடக் கேட்டேன், 'அப்பா நடக்கிற இடமாச்சே'ன்னு. 'அதெல்லாம் நான் பாத்துக்கறேன்'னாரு."

"பொய் சொல்லாதே."

"வெளிய வந்ததும் அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

அவளுக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. கணவனின் சட்டைக் கையில் பொடிப் பொடியாகக் கருகல். என்னங்க இது என்றதற்கு, நூலகத்தில் விளக்கு மாற்றினார்கள், பொறி தெறித்தது என்றான். அவளும் தோல் சுட்டிருந்த இடங்களில் மருந்து தடவிவிட்டாள்.

"அப்ப ஏன் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தே?"

டர்போ மூக்கை உறிஞ்சினான். "அண்ணன் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. 'நீ செஞ்சதாவே இருக்கட்டும்டா. உன்மேல அவளுக்கு ஏற்கெனவே மரியாதை இல்ல, புதுசா குறையறதுக்கு ஒண்ணும் இல்ல'ன்னாரு."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தாமாக விட்டன.

கணவன் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே! கம்பி போனதைப் பார்த்த நொடியில் டர்போவின் மூஞ்சிதான் கண்முன் வந்தது. அந்த மூஞ்சியை வெறுப்பது அவளுக்கு அவ்வளவு பழக்கமாக, அவ்வளவு சுகமாக இருந்தது.

"சரி, அண்ணன் சொன்னார்," என்றாள். "உன் புத்தி எங்க போச்சு? தெரிஞ்சேதானே கட்டினே?"

"தெரியும்." ஒளிக்காமல் சொன்னான். "ஆனா ஷெட்டு கிடைக்குதேன்னு..."

அவனே ஷெட் என்று சொல்லிவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

அவன்மேல் இருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை அவளுக்கு. அது வேறு கணக்கு. இது வேறு.

சாக்குகள் வந்தன. மிதியடிகள் வந்தன. மாமியார் பழைய போர்வை ஒன்றையும் கொண்டுவந்து போட்டாள். சக்கரம் பிடித்துக்கொண்டது. கார் முக்கி முனகி, ஒரு பக்கக் கண்ணாடியைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தது. டர்போ இறங்கியதும் நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். சொன்னதை மறுபடி சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளப்காரர்கள் பம்பரைத் திண்டாடித் திண்டாடி ஓரமாகச் சாய்த்துவிட்டு, காபிக்கு நிற்காமல் கிளம்பினார்கள். "சங்கத்துல பேசறோம்," என்றார் தலைவர், எதைப் பற்றி என்று சொல்லாமல்.

மருமகளின் கணவன் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தான். அந்த அமளியிலும் ஓரம் சரியாகப் பார்த்து மடித்தான்.

"அதை வெச்சுட்டு இங்க வாங்க," என்றாள் மருமகள்.

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை நிமிர வைத்தது. அவள் பார்வை அவன் சட்டைக் கையில் போய் நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓர் ஆள் இவ்வளவு சீக்கிரம் வெளுத்து அவள் பார்த்ததில்லை.

"உள்ள போய்ப் பேசலாமா?" என்றான்.

"பேச ஒண்ணுமில்ல. மாமாவுக்கு நடக்கக் கம்பி வேணும். அறுத்தவர் கம்பியா வந்து நிக்கட்டும்."

"எல்லாரும் பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும். தெரு நல்லா சமமா இருக்கு."

மாமனாரை எழுப்பி நிறுத்தினாள். அவருடைய இடது கையை எடுத்துக் கணவனின் தோளில் வைத்தாள். அவன் முன்னால், அவர் பின்னால், வலது பக்கம் இடுப்பைத் தாங்கி அவள். வாசலைத் தாண்டித் தெருவுக்கு இறங்கினார்கள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்துவதை நிறுத்தினார்கள்.

"பாதத்தைத் தூக்குங்க மாமா. தேய்க்காதீங்க. அப்படித்தான்."

வலது கால் எழும்பியது. மறுபடி எழும்பியது. தோளைப் பிடித்த கை இறுகியது. கம்பியில் இருந்த அதே பிடி. கணவன் கழுத்தைத் திருப்பாமல் நடந்தான்.

"ஏன் செஞ்சீங்க?" என்றாள் தாழ்ந்த குரலில். இப்போது அவளுக்கும் உஷ் வந்துவிட்டது.

"அவர் விழுந்துடுவாரோன்னு..."

"அதை வேற யார்கிட்டயாவது சொல்லுங்க."

கொஞ்ச தூரம் போனார்கள். தெருவில் சிறு கல் ஒன்று. மாமனாரின் வலது பாதம் அதில் இடறியது. அவர் தடுமாறி, தோளிலிருந்த கை வழுக்கி, மகனின் காலரைப் பற்றி இழுத்தது. கணவன் சட்டென்று திரும்பிக் குனிந்து அப்பாவைத் தாங்கிப் பிடித்தான். அந்த மட்டும் செய்தான். குனிந்த வேகத்தில் அவன் சட்டைப் பையிலிருந்து ஏதோ நழுவித் தெருவில் விழுந்து கிணுகிணுத்தது.

சாவி. புத்தம் புதிது. வளையத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை.

மருமகள் எடுத்தாள். அவர்கள் வீட்டில் இப்படி ஒரு சாவி கிடையாது.

"இது எந்த வீட்டுச் சாவி?"

"மெதுவா பேசு."

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

கணவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். மூட ஒரு ஜன்னலும் இல்லை. அப்பாவின் கையை மறுபடி தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

"வீடு பார்த்திருக்கேன். உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல. நாம ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேருக்கு."

"சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தா உனக்கு நான் கண்ணுல படறதே இல்ல. அப்பாவோட கால்தான் படுது. கம்பி போயிட்டா, இடமும் போயிட்டா, நீயே தம்பிகூட சண்டை போட்டுட்டு 'இனி இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை'ன்னு கிளம்பிடுவேன்னு நினைச்சேன். நான் கூப்பிட்ட மாதிரி இருக்காது. நீ கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

ஒரு மருமகள் தனிக்குடித்தனம் கேட்டாள் என்று ஊர் பேசும். மகன் வேறு வழியில்லாமல் போனான் என்று மாமியார் அழுவாள். டர்போமேல் பழி, அவள்மேல் பழி, நடுவில் இவன் மட்டும் மடிப்புக் கலையாத சட்டையோடு. எவ்வளவு அமைதியாக, எவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருக்கிறான்! டர்போவின் திருட்டுத்தனத்தில் ஹாரன் சத்தமாவது இருந்தது.

டர்போவை அவள் வெறுத்தது வாயால். எல்லோருக்கும் கேட்கும்படி, நாள்தோறும். இவனை எதைக் கொண்டு வெறுப்பது? சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. 'உனக்கு நான் கண்ணுல படறதே இல்ல' என்றதில் கொஞ்சம் உண்மை இருந்தது வேறு அவளைக் குடைந்தது. அதற்காகவும் சேர்த்து அவனைப் பிடிக்காமல் போயிற்று.

"அப்பாவுக்குக் கேக்கும்," என்றாள்.

"அவருக்கு எங்க புரியப்போகுது?"

அவன் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன மறுகணமே அவனுக்கும் தெரிந்தது. ஏனென்றால் பின்னால் மாமனார் நின்றுவிட்டார். மூச்சு வாங்கினார். கோணிய வாய் எதையோ தேடித் தேடித் திறந்து மூடியது. மருமகள் அவர் இடுப்பைத் தாங்கியபடி காத்திருந்தாள்.

"போ," என்றார்.

தெளிவாகத்தான் வந்தது.

கணவன் மெல்லத் திரும்பினான். "எங்கேப்பா?" என்று கேட்டான்.

அவர் கை மட்டும் மகனின் தோளிலேயே இருந்தது. மருமகள் சாவியை மடக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள். தினம் தினம் அந்தப் பிடியைத் தொட்டுப் பார்த்துப் பழகியவளுக்கே, இப்போது அது இறுகுகிறதா, விடப்போகிறதா என்று சொல்ல முடியவில்லை.